லினக்ஸ் நிரல் ஓடுகிறது, லினக்ஸ் டிரைவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு? ஃப்ரீபிஎஸ்டி கெர்னலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர் கண்ணில் இரண்டு செய்திகள் சீக்கிரமே படும். லினக்ஸுக்காகத் தொகுக்கப்பட்ட, அதாவது சிப் நேரடியாக ஓட்டும் வடிவுக்கு மாற்றப்பட்ட, நிரலை எந்த மாற்றமும் செய்யாமல் ஃப்ரீபிஎஸ்டியில் ஓட்டலாம் என்பது ஒன்று. இந்த வசதி 1990-களின் நடுப்பகுதியிலிருந்தே இருக்கிறது. இன்னொன்று வைஃபை பற்றியது. இன்டெல் வைஃபை சிப்களுக்கான லினக்ஸ் டிரைவரை, அதாவது அந்தச் சிப்களை இயக்கும் மென்பொருளை, ஃப்ரீபிஎஸ்டி 2022-இல் 13.1 பதிப்பில் சேர்த்துக்கொண்டது. ஆனால் அந்த டிரைவர் 54 மெகாபிட் என்ற பழைய வேக வரம்பைத் தாண்ட 2025 ஜூனில் வெளியான 14.3 பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் சில சிப்களுக்கு மட்டும்தான்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் குழப்பம் வருவது இயல்பு. உலாவி, விளையாட்டு, சர்வர் மென்பொருள் போன்ற பெரிய லினக்ஸ் நிரல்களையே அப்படியே ஓட்ட முடிகிற ஒரு கெர்னலுக்கு, ஒரு வைஃபை டிரைவரை முழு வேகத்தில் ஓட்டுவது ஏன் இத்தனை கடினம்? நிரலாளர் எழுதிய மூல நிரல் எல்லாருக்கும் திறந்துதானே கிடக்கிறது?

இந்த இரண்டு வேலைகளும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும், கெர்னலின் இரு வேறு பக்கங்களில் நடப்பவை. ஒரு பக்கம் லினக்ஸ் கொடுத்த வாக்கு நிற்கிறது. மறுபக்கம் லினக்ஸ் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. வித்தியாசம் அங்கேதான் பிறக்கிறது.

கெர்னலுக்கு மேலே ஓர் எல்லை, உள்ளே ஓர் எல்லை

கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. சிப், நினைவகம், வட்டு, வலையமைப்பு ஆகியவற்றின் முழுக் கட்டுப்பாடும் அதன் கையில். நாம் ஓட்டும் நிரல்களுக்கு வன்பொருளைத் தொட அனுமதி இல்லை. கோப்பைத் திறக்க வேண்டும், திரையில் எழுத வேண்டும், வலையில் தரவு அனுப்ப வேண்டும் என்றால் கெர்னலிடம் கேட்டாக வேண்டும். இந்தக் கோரிக்கைக்குப் பெயர் சிஸ்டம் கால். நிரல்களுக்கும் கெர்னலுக்கும் நடுவே உள்ள மேல் எல்லை இது.

டிரைவரின் இடம் வேறு. லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டி அடங்கிய பிஎஸ்டி குடும்பத்திலும் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுக்கு உள்ளேயே, கெர்னலின் ஓர் அங்கமாகவே ஓடுகின்றன. அவை சிஸ்டம் கால் செய்வதில்லை. கெர்னலின் உள் செயல்கூறுகளை நேரடியாக அழைக்கின்றன, கெர்னலின் தரவு அமைப்புகளைக் கையாலேயே தொடுகின்றன. டிரைவருக்கும் மற்ற கெர்னல் பகுதிகளுக்கும் இடையிலானதை உள் எல்லை என்று வைத்துக்கொள்வோம்.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. தொகுக்கப்பட்ட நிரலும் கெர்னலும் பைட் அளவில் ஒத்துப்போவதற்கான ஒப்பந்தத்தையும், மூல நிரல் அளவில் ஒத்துப்போவதற்கான ஒப்பந்தத்தையும் தமிழ் எழுத்தில் சுருக்கினால் இரண்டுமே 'ஏபிஐ' ஆகிவிடும். ஆகவே முதலாவதை பைனரி இடைமுகம் என்றும், இரண்டாவதை மூல இடைமுகம் என்றும் எழுதுகிறேன். இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகிறது.

மேல் எல்லை: சிப் ஒன்று, எண்கள் வேறு

ஃப்ரீபிஎஸ்டியின் லினக்ஸ் ஒத்திசைவுப் பகுதியை 'லினக்சுலேட்டர்' என்று அழைக்கிறார்கள். பெயரைப் பார்த்து இதை எமுலேட்டர் என்று நினைப்பவர்கள் நிறைய. எமுலேட்டர் என்றால் வேறொரு சிப்பின் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து நடித்துக் காட்டுவது. இங்கே அந்த வேலையே இல்லை. லினக்ஸ் நிரலில் இருப்பதும் அதே சிப்புக்கான கட்டளைகள்தாம், அவை நேரடியாகவே ஓடுகின்றன. கூட்டல், கழித்தல், வளையம் சுற்றுதல் எதிலும் கெர்னல் தலையிடாது. நிரல் சிஸ்டம் கால் செய்யும் நொடியில் மட்டும் மொழிபெயர்ப்பு நடக்கிறது. அதனால்தான் வேகம் பெரிதாகக் குறைவதில்லை.

முதலில், ஓட வந்திருப்பது லினக்ஸ் நிரல்தானா என்று கெர்னல் அடையாளம் காண வேண்டும். இரு தளங்களிலும் நிரல் கோப்புகள் 'எல்ஃப்' என்ற ஒரே வடிவத்தில்தான் இருக்கின்றன. அதன் எட்டாவது பைட்டில் எந்த இயங்குதளம் என்று குறிக்க இடமுண்டு: ஃப்ரீபிஎஸ்டிக்கு 9, லினக்ஸுக்கு 3. ஆனால் லினக்ஸ் கருவிகள் பல நேரம் அங்கே 0 என்றே விட்டுவிடுகின்றன. எனவே கெர்னல் கோப்புக்குள் இருக்கும் அடையாளக் குறிப்பையும், நிரல் தன்னை ஏற்றிவைக்க எந்த ஏற்றியைக் கேட்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்கிறது. லினக்ஸ் என்று தெரிந்ததும் அந்தச் செயல்முறைக்கு (ஓடத் தொடங்கிய நிரலுக்கு) மட்டும் வேறொரு தொகுதி அட்டவணைகளை மாட்டிவிடுகிறது. இதன் பின் அந்த நிரல் கேட்பதெல்லாம் அந்த அட்டவணைகள் வழியாகவே போகும்.

அட்டவணை இல்லாவிட்டால் என்ன ஆகும்? 64 பிட் இன்டெல், ஏஎம்டி சிப்களை வைத்துப் பார்ப்போம்.

1. சிஸ்டம் கால் எண். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் உண்டு. லினக்ஸில் 'எழுது' என்பதற்கு 1. ஃப்ரீபிஎஸ்டியில் 1 என்றால் 'முடித்துக்கொள்', எழுதுவதற்கு 4. மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் லினக்ஸ் நிரல் திரையில் முதல் வரியை எழுத முயலும்போதே மூடிக்கொண்டுவிடும். 32 பிட் லினக்ஸில் எழுதுவதற்கு 4, முடிப்பதற்கு 1 என்று, இரண்டு தளங்களுக்கும் முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் பழைய எண்களே இருந்தன. 64 பிட்டுக்கு வந்தபோது லினக்ஸ் தன் எண்களை முதலிலிருந்து மாற்றி அடுக்கியது.

2. பிழை எண். லினக்ஸில் 11 என்றால் 'இப்போது முடியாது, மறுபடி முயன்று பார்'. 35 என்றால் 'பூட்டுகள் ஒன்றையொன்று தடுத்து நிற்கின்றன'. ஃப்ரீபிஎஸ்டியில் இந்த இரண்டு எண்களும் அப்படியே இடம் மாறியிருக்கின்றன. இது போதாதென்று, பிழையைத் திருப்பிச் சொல்லும் முறையும் வேறு. லினக்ஸ் எதிர்ம எண்ணைத் திருப்பித் தரும். ஃப்ரீபிஎஸ்டி நேர்ம எண்ணைத் தந்துவிட்டு, பிழை என்பதற்கு அடையாளமாகச் சிப்பின் கேரி பிட்டை ஏற்றிவைக்கும்.

3. கொடி எண்கள். எனக்கு மிக ஆபத்தாகப் படுவது இதுதான். ஒரு கோப்பைத் திறக்கும்போது 'இருப்பதன் கடைசியில் சேர்த்து எழுது' என்று சொல்ல லினக்ஸில் 1024 என்ற பிட். ஃப்ரீபிஎஸ்டியில் அதே 1024-க்குப் பொருள் 'இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத் திற'. பதிவேட்டில் ஒரு வரி சேர்க்க வந்த நிரல், மொழிபெயர்ப்பில் ஒரு பிட் தவறினால் பதிவேட்டையே காலி செய்துவிடும். 512-ம் இப்படித்தான்: லினக்ஸில் 'அழித்துத் திற', ஃப்ரீபிஎஸ்டியில் 'இல்லாவிட்டால் புதிதாக உருவாக்கு'.

4. சிக்னல், அதாவது செயல்முறைக்குக் கெர்னல் அனுப்பும் அறிவிப்பு. லினக்ஸில் 17 என்பது 'உன் குழந்தைச் செயல்முறையின் நிலை மாறியது' என்ற சாதாரணத் தகவல். ஃப்ரீபிஎஸ்டியில் 17 வந்தால் செயல்முறை அங்கேயே உறைந்து நிற்கும், அதைத் தடுக்கவும் முடியாது.

இத்தனை வேறுபாடுகளும் அட்டவணைக்குள் அடங்கிவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை அலுப்பானதுதான், கவனம் நிறைய வேண்டும், ஆனால் இதற்கு ஒரு முடிவு இருக்கிறது. ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் அந்த வரி அடுத்த ஆண்டும் சரியாகவே இருக்கும்.

எண்ணை மாற்றினால் மட்டும் போதாத இடங்கள்

சில சிஸ்டம் கால்களுக்கு நேர் இணை கிடையாது. ஆயிரக்கணக்கான இணைப்புகளில் எதில் தரவு வந்திருக்கிறது என்று கேட்க லினக்ஸில் 'ஈபோல்', ஃப்ரீபிஎஸ்டியில் 'கேகியூ'. நோக்கம் ஒன்றுதான், அமைப்பு வேறு. லினக்சுலேட்டர் ஈபோல் கோரிக்கையைக் கேகியூவின் மேல் கட்டி நடத்துகிறது. லினக்ஸ் நிரல்களின் இழைகள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதிகள்) ஒன்றுக்கொன்று காத்திருக்கப் பயன்படுத்தும் 'ஃபியூடெக்ஸ்' என்ற பொறிமுறை இதைவிட நுட்பமானது. அதில் ஒரு சிறு பிசகு இருந்தால் நிரல் விழாது, என்றோ ஒரு நாள் காரணமே தெரியாமல் அப்படியே தொங்கி நிற்கும். இந்த வகைப் பிழையைத் தேடிப் பிடிப்பவர்களின் பொறுமைக்குத் தனி மரியாதை தர வேண்டும்.

அப்புறம் கோப்பாகத் தோன்றும் தகவல்கள். லினக்ஸ் நிரல்கள் சிப், நினைவகம், தங்களுடைய சொந்த நிலை எல்லாவற்றையும் 'ப்ராக்', 'சிஸ்' என்ற கோப்புறைகளில் படித்துத் தெரிந்துகொள்கின்றன. ஃப்ரீபிஎஸ்டி இவற்றுக்காகத் தனிப் போலிக் கோப்பு முறைமைகளை வைத்திருக்கிறது. பதிப்பு எண்ணும் ஒரு சிக்கல்தான். லினக்ஸின் அடிப்படை சி நூலகத்தின் பழைய வடிவங்கள் தொடங்கும்போதே கெர்னலின் பதிப்பைக் கேட்கும். பதிப்பு பழையதென்றால் 'கெர்னல் மிகப் பழையது' என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். அதனால் எந்த லினக்ஸ் பதிப்பாகத் தன்னைக் காட்டிக்கொள்வது என்று ஃப்ரீபிஎஸ்டி ஓர் எண்ணைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எண்ணை உயர்த்தினால் நூலகம் புதிய சிஸ்டம் கால்களையும் எதிர்பார்க்கும், அவற்றையும் எழுதியாக வேண்டும்.

நூலகங்களுக்கு இன்னொரு ஏற்பாடு. லினக்ஸ் நிரலுக்கு லினக்ஸ் நூலகக் கோப்புகள் வேண்டும். ராக்கி லினக்ஸ், உபுண்டு போன்ற ஒரு விநியோகத்தின் (ஆயத்த லினக்ஸ் தொகுப்பின்) கோப்புகளைத் தனிக் கோப்புறை ஒன்றில் வைத்துவிடுகிறார்கள். லினக்ஸ் நிரல் எந்தக் கோப்பைக் கேட்டாலும் கெர்னல் முதலில் அந்தக் கோப்புறைக்குள் பார்க்கும், அங்கே இல்லாவிட்டால்தான் உண்மையான இடத்தில் தேடும். இதில் லினக்ஸ் கெர்னலின் ஒரு வரி கூட இல்லை. கோப்புகள் லினக்ஸுடையவை, கெர்னல் முழுக்க ஃப்ரீபிஎஸ்டி.

64 பிட் லினக்ஸ் நிரல்களை ஓட்டும் வசதி 2016-இல் 10.3 பதிப்பில் வந்தது. அது வராதிருந்தால் இன்று இந்த அடுக்குக்குப் பயனே இருந்திருக்காது. மூல நிரல் கிடைக்கும் மென்பொருளை ஃப்ரீபிஎஸ்டிக்காகவே தொகுத்துக்கொள்ளலாம். லினக்சுலேட்டர் தேவைப்படுவது மூல நிரல் கிடைக்காதவற்றுக்கு: சப்ளைம் டெக்ஸ்ட் போன்ற எடிட்டர், பதிப்புரிமைப் பூட்டுப் போட்ட காணொளிகளைப் பார்க்க உதவும் குரோம் உலாவியின் லினக்ஸ் வடிவம், லினக்ஸ் கன்டெய்னர் பிம்பங்கள் (ஒரு நிரலையும் அதற்கு வேண்டிய கோப்புகளையும் ஒன்றாகக் கட்டிய பொதிகள்).

லினக்ஸும் ஒரு காலத்தில் இதையே செய்தது

இந்த வழியை ஃப்ரீபிஎஸ்டி புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1990-களில் லினக்ஸுக்கென்று வணிக மென்பொருள் மிகக் குறைவு. அப்போது கெர்னலோடு 'ஐபிசிஎஸ்' என்ற மாட்யூலை (தனியே ஏற்றும் துண்டை) சேர்த்து, எஸ்சிஓ என்ற வணிக யூனிக்ஸுக்காகத் தொகுக்கப்பட்ட வேர்ட்பெர்ஃபெக்ட் எழுத்துச் செயலி போன்ற நிரல்களை லினக்ஸில் ஓட்டினார்கள். எந்தத் தளத்தில் மென்பொருள் குவிந்திருக்கிறதோ அந்தத் தளத்தின் பைனரி இடைமுகத்தை மற்றவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். இன்று குவிந்திருக்கும் இடம் லினக்ஸ்.

மைக்ரோசாஃப்ட்டும் இதில் இறங்கியது. 2016-இல் விண்டோஸ் 10-இல் வந்த முதல் லினக்ஸ் துணைத்தளத்தில் லினக்ஸ் கெர்னல் இல்லை. லினக்ஸ் சிஸ்டம் கால்களை விண்டோஸ் கெர்னலே ஏற்று நடத்தியது. கொள்கை அளவில் லினக்சுலேட்டரும் அதுவும் ஒன்று. ஆனால் விண்டோஸின் கோப்பு முறைமைப் பழக்கங்கள் யூனிக்ஸிலிருந்து மிகத் தள்ளியிருந்ததால், ஏராளமான சிறு கோப்புகளைத் தொடும் வேலைகள் மந்தமாயின. கன்டெய்னர்களுக்கு வேண்டிய கெர்னல் வசதிகளும் அதில் இல்லை. 2019-இல் அறிவித்த இரண்டாம் பதிப்பில் அந்த வழியை விட்டுவிட்டு, உண்மையான லினக்ஸ் கெர்னலையே ஒரு மெய்நிகர் கணினிக்குள் வைத்தார்கள். ஃப்ரீபிஎஸ்டிக்கு இந்த இடத்தில் ஒரு சாதகம் உண்டு. அதுவும் யூனிக்ஸ் மரபில் வந்ததுதான். செயல்முறை, கோப்பு, உரிமை, சிக்னல் பற்றிய அடிப்படை எண்ணம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. மொழிபெயர்ப்பு தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவே நடப்பதுபோல. விண்டோஸுக்கு அந்த நெருக்கம் கிடையாது.

உள் எல்லை: டிரைவர் என்னதான் செய்கிறது

ஒரு கணினியில் உள்ள ஒவ்வொரு பிசிஐ சாதனமும் (பிசிஐ என்பது அட்டைகளையும் சிப்களையும் இணைக்கும் பொதுத் தடம்) தன்னைத் தயாரித்த நிறுவனத்தின் எண்ணையும் தன் வகை எண்ணையும் சொல்லும். பதினாறடிமான எண்ணில் இன்டெல் என்றால் 8086, ஏஎம்டி கிராஃபிக்ஸ் என்றால் 1002. கெர்னல் இந்த எண்ணைப் பார்த்து உரிய டிரைவரை எழுப்புகிறது. டிரைவர் சாதனத்தின் பதிவகங்களை, அதாவது அதைக் கட்டுப்படுத்தும் சிறு சேமிப்பிடங்களை, நினைவக முகவரிகளாகப் பெற்று அவற்றில் எழுதி அதை இயக்குகிறது. வேலை முடிந்ததும் சாதனம் குறுக்கீடு என்ற சைகையை எழுப்பும், டிரைவர் ஓடிவந்து கவனிக்க வேண்டும். பெரிய தரவுகளைச் சாதனமே நேரடியாக நினைவகத்தில் எழுதும், அதற்கான இடத்தையும் டிரைவர்தான் ஒதுக்கித் தர வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் டிரைவர் கெர்னலின் உதவியைக் கேட்கிறது: நினைவகம், பூட்டு (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் தடுப்பது), நேரங்காட்டி, குறுக்கீட்டுப் பதிவு, பின்னணி வேலை வரிசை. பிசிஐ விதியும் சிப்பின் பதிவகங்களும் எல்லாத் தளத்துக்கும் பொது. கெர்னலிடம் கேட்கும் முறை மட்டும் தளத்துக்குத் தளம் வேறு. ஒரு நவீன கிராஃபிக்ஸ் டிரைவரில் இந்த இரண்டும் பல லட்சம் வரிகளுக்குள் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன.

சரி, தொகுத்த லினக்ஸ் டிரைவரை நிரலைப் போலவே அப்படியே எடுத்து ஓட்டினால் என்ன? முடியாது. ஒரு லினக்ஸ் பதிப்புக்குத் தொகுத்த மாட்யூலை வேறு பதிப்பு லினக்ஸே பொதுவாக ஏற்றுக்கொள்ளாது. தரவு அமைப்புகளின் அளவும் உறுப்புகளின் இடமும் பதிப்புக்குப் பதிப்பு மாறும், கெர்னலைத் தொகுக்கும்போது தேர்ந்த விருப்பங்களைப் பொறுத்தும் மாறும். பைனரி இடைமுகம் என்று பிடித்துக்கொள்ள அங்கே எதுவுமே இல்லை.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்று உண்டு. 2000-களின் தொடக்கத்தில் பல வைஃபை அட்டைகளுக்கு விண்டோஸ் டிரைவர் மட்டுமே கிடைத்தது, மூல நிரல் கிடையாது. பில் பால் என்ற ஃப்ரீபிஎஸ்டி நிரலாளர், அந்த விண்டோஸ் டிரைவர் பைனரிகளையே ஃப்ரீபிஎஸ்டி கெர்னலுக்குள் ஓட்டும் அடுக்கு ஒன்றை எழுதினார். விண்டோஸில் வலையமைப்பு டிரைவர்களுக்கென்று 'என்டிஐஎஸ்' என்ற நிலையான இடைமுகம் இருந்ததால்தான் அது கைகூடியது. தேவை தீர்ந்து, பிற்காலத்தில் அந்த அடுக்கு நீக்கப்பட்டுவிட்டது. எங்கே எல்லை நிலையாக இருக்கிறதோ அங்கே மூல நிரலே இல்லாமலும் ஒத்திசைவு கட்டலாம். எல்லை நகர்ந்துகொண்டே இருந்தால், மூல நிரல் முழுக்கக் கையில் இருந்தும் மூச்சுத் திணறும்.

லினக்ஸ் கொடுத்த வாக்கும் கொடுக்காத வாக்கும்

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பல ஆண்டுகளாக விடாப்பிடியாகக் காக்கும் ஒரு விதி: கெர்னல் மாற்றத்தால் பயனர் நிரல் எதுவும் உடையக் கூடாது. பத்தாண்டுக்கு முன் தொகுத்த நிரலும் இன்றைய லினக்ஸில் ஓட வேண்டும். லினக்சுலேட்டரை எழுதுபவர்கள் இந்த விதியின் நிழலில்தான் வேலை செய்கிறார்கள். லினக்ஸில் 'எழுது' என்ற எண் 1 என்பது நாளை மாறாது.

உள்ளே நேர் எதிரான விதி. கெர்னலின் உள் இடைமுகத்துக்கு எந்த உத்தரவாதமும் தர மாட்டோம் என்று லினக்ஸ் கெர்னலின் ஆவணத் தொகுப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அதை எழுதியவர் முக்கியப் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் குரோ-ஹார்ட்மன். அதில் உள்ள நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு செயல்கூறின் வடிவம் பிழையானது என்று தெரிந்தால் அதை மாற்றி, கெர்னலுக்குள் அதை அழைக்கும் எல்லா டிரைவர்களையும் அதே கையோடு திருத்திவிடலாம். பழைய வடிவத்தைக் காலத்துக்கும் சுமக்க வேண்டாம். லினக்ஸுக்கு இது நல்ல கொள்கை. வெளியிலிருந்து அந்த டிரைவரை எடுத்துப் பயன்படுத்துபவருக்கு, ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் தரை கொஞ்சம் நகரும்.

லினக்ஸ்கேபிஐ: டிரைவருக்குள் லினக்ஸ் வாசனை

பைனரி வழி அடைபட்டதால் ஃப்ரீபிஎஸ்டி மூல இடைமுக வழியை எடுத்தது. லினக்ஸ் டிரைவரின் மூல நிரலை முடிந்த அளவு கைவைக்காமல் எடுத்துக்கொள்வது; அது அழைக்கும் லினக்ஸ் செயல்கூறுகளை அதே பெயரில், ஆனால் ஃப்ரீபிஎஸ்டி கெர்னலின் உதவியால் நடப்பதாக எழுதித் தருவது; பிறகு ஃப்ரீபிஎஸ்டிக்காகத் தொகுப்பது. இந்த அடுக்கின் பெயர் லினக்ஸ்கேபிஐ. 2010-களின் தொடக்கத்தில் இன்ஃபினிபேண்ட் என்ற அதிவேக வலையமைப்பின் டிரைவர்களைக் கொண்டுவர எழுதியதிலிருந்து இது வளர்ந்தது.

சில இணைகள் எளிது. நினைவகம் கேட்பது, நேரங்காட்டி வைப்பது, பின்னணி வேலை வரிசை போன்றவற்றுக்கு ஃப்ரீபிஎஸ்டியில் ஏற்கெனவே பொருத்தமானவை உண்டு. பூட்டுகளில்தான் சிந்தனை தேவைப்படுகிறது. லினக்ஸில் 'ஸ்பின் பூட்டு' கிடைக்கும்வரை சிப் அதே இடத்தில் சுற்றிக்கொண்டே காத்திருக்கும், தூங்கக் கூடாது. குறுக்கீட்டைக் கவனிக்கும் நிரல் பகுதியும் அதையே பயன்படுத்தலாம். ஃப்ரீபிஎஸ்டியில் குறுக்கீட்டு வேலைகள் பெரும்பாலும் தனி இழைகளாகவே ஓடுவதால் அவை காத்திருந்து தூங்கலாம். ஆகவே லினக்ஸ்கேபிஐ, லினக்ஸின் ஸ்பின் பூட்டை ஃப்ரீபிஎஸ்டியின் சாதாரண மியூடெக்ஸாகவே (காத்திருப்பவர் தூங்க அனுமதிக்கும் பூட்டாகவே) நடத்துகிறது. பெயரைப் பார்த்து ஃப்ரீபிஎஸ்டியின் சொந்த ஸ்பின் பூட்டோடு இணைத்திருந்தால் கட்டுப்பாடுகள் தேவையில்லாமல் இறுகியிருக்கும். பெயருக்குப் பெயர் மாற்றினால் போதாது, ஒவ்வொரு செயல்கூறும் எதற்கு உத்தரவாதம் தருகிறது என்று புரிந்து மாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

'இப்போது ஓடுவது யார்' என்ற கேள்வியும் இப்படித்தான். லினக்ஸ் டிரைவர் இதைக் கேட்டால் லினக்ஸ் வடிவிலான ஒரு தரவு அமைப்பை எதிர்பார்க்கும். ஃப்ரீபிஎஸ்டி இழைக்கு அப்படி ஒன்று கிடையாது. அதனால் ஓர் இழை முதல்முறை இந்த அடுக்குக்குள் நுழையும்போது அதற்கென்று ஒரு லினக்ஸ் வடிவ அடையாளத்தை உருவாக்கி ஒட்டிவிடுகிறார்கள்.

கிராஃபிக்ஸ் முந்தியது, வைஃபை பிந்தியது

இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸ் டிரைவர்கள் ஃப்ரீபிஎஸ்டியில் நன்றாகவே ஓடுகின்றன. லினக்ஸின் கிராஃபிக்ஸ் பகுதி கிட்டத்தட்டத் தனக்குள்ளேயே ஒரு முழு அமைப்பு. பயனர் நிரல்களோடு அதற்குத் தனி வழி இருக்கிறது, மற்ற கெர்னல் பகுதிகளோடு தொடர்பு முக்கியமாக நினைவகம், பிசிஐ வழியாகத்தான். முழுத் தொகுதியையும் பெயர்த்தெடுத்துக் கீழே ஓர் அடுக்கை வைத்தால் நிற்கும். ஃப்ரீபிஎஸ்டியில் இந்த டிரைவர்களைத் தரும் மென்பொருள் பொதிகளின் பெயரிலேயே லினக்ஸ் பதிப்பு இருக்கும்: 5.15, 6.1, 6.6 என்று. நீண்ட கால ஆதரவு பெறும் லினக்ஸ் பதிப்புகளாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள், ஒவ்வொரு பதிப்பையும் துரத்த ஆள்பலம் கிடையாது. விளைவு நேரடியானது. நேற்றுச் சந்தைக்கு வந்த கிராஃபிக்ஸ் சிப்புக்கான ஆதரவு லினக்ஸின் புதிய பதிப்பில் இருக்கும், ஃப்ரீபிஎஸ்டியின் பொதி அந்தப் பதிப்பை எட்டும்வரை திரை அடிப்படை நிலையில்தான் ஓடும்.

வைஃபை கதை வேறு. லினக்ஸ் வைஃபை டிரைவர் தனியாக நிற்பதில்லை, லினக்ஸின் வைஃபை அடுக்கோடு இறுகப் பிணைந்திருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டிக்கும் தன் சொந்த வைஃபை அடுக்கு உண்டு. அலைத்தேடல், இணைதல், சாவி மாற்றம், வேகத் தேர்வு ஆகியவற்றில் எந்த வேலை டிரைவருடையது, எது அடுக்கினுடையது என்று இரு தளங்களும் வெவ்வேறாகப் பிரித்திருக்கின்றன. வலைத் தரவுப் பொட்டலத்தை நினைவகத்தில் வைக்கும் வடிவமே வேறு. எனவே லினக்ஸ்கேபிஐ இங்கே வெறும் பெயர் மாற்றுவதாக இருக்க முடியாது. மேலே ஃப்ரீபிஎஸ்டி அடுக்குக்கு ஒரு முகமும் கீழே லினக்ஸ் டிரைவருக்கு ஒரு முகமும் காட்டிக்கொண்டு, இரண்டின் நிலை மாற்றங்களையும் ஒத்துப்போக வைக்க வேண்டும். 13.1-இல் டிரைவர் வந்தபோது இணைப்பு கிடைத்தது. அதிக வேகத்துக்குத் தேவையான பொட்டலத் தொகுப்பு போன்றவை இரு பக்கமும் ஒத்துழைத்தால்தான் நடக்கும். 54 மெகாபிட்டில் இருந்து மேலே ஏற மூன்று ஆண்டுகள் ஆனதை, இந்தப் பின்னணியில் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிப்புக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் இந்தச் சிக்கலில் சேராது. அது சாதனத்தின் சொந்தச் செயலியில் ஓடுவது, எந்த இயங்குதளம் ஏற்றியது என்று அதற்குத் தெரியாது.

உரிமமும் ஓர் எல்லைதான்

லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் இருக்கிறது. அதைக் கலந்து விநியோகித்தால் முழுவதையும் அதே நிபந்தனையில் தர வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி உரிமத்தில் அந்த நிபந்தனை இல்லை, அதை அப்படியே காக்கவும் விரும்புகிறார்கள். லினக்ஸின் கிராஃபிக்ஸ் டிரைவர்களில் பெரும்பகுதி நிபந்தனை குறைந்த எம்ஐடி உரிமத்திலும், இன்டெல் வைஃபை டிரைவர் ஜிபிஎல் அல்லது பிஎஸ்டி என்று தேர்ந்துகொள்ளக்கூடிய இரட்டை உரிமத்திலும் இருப்பதால்தான் அவற்றை எடுக்க முடிந்தது. லினக்ஸ்கேபிஐயின் தலைப்புக் கோப்புகளை லினக்ஸிலிருந்து நகலெடுக்காமல் புதிதாகவே எழுதுகிறார்கள். ஜிபிஎல் மட்டுமே உள்ள ஒரு டிரைவர் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் கெர்னலோடு சேர்க்கத் தயங்குவார்கள்.

எதை விடலாம், எதை விட முடியாது

இரண்டு வேலைகளில் எது எளிது என்பது ஒரு கேள்வி. எது இல்லாமல் முடியாது என்பது வேறு கேள்வி. பிஎஸ்டி குடும்பத்தின் இன்னொரு இயங்குதளமான ஓபன்பிஎஸ்டி இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறது. 2016-இல் 6.0 பதிப்பில் லினக்ஸ் நிரல் ஒத்திசைவை அடியோடு நீக்கிவிட்டது. ஆனால் லினக்ஸின் கிராஃபிக்ஸ் டிரைவர்களை இன்றும் எடுத்துத் தன் கெர்னலுக்குள் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நிரலுக்கு மாற்று தேடலாம், இருக்கும் சிப்புக்கு மாற்று கிடையாது.

பிழையின் விலையும் வேறு. லினக்சுலேட்டர் எதையாவது தவறாக மொழிபெயர்த்தால் பெரும்பாலும் அந்த ஒரு நிரல்தான் பாதிக்கப்படும். லினக்ஸ்கேபிஐயில் ஒரு பூட்டு தவறினால் கெர்னலே விழும், திறந்து வைத்திருந்த வேலை எல்லாம் போகும்.

புதிதாக யூனிக்ஸ் வகைக் கெர்னல் எழுதுபவர்கள் இந்தப் பாதையில் போகும்போது வரிசை முக்கியம். என் கணிப்பில் அது இப்படி இருக்க வேண்டும்:

1. முதலில் மெய்நிகர் கணினிகளுக்கான எளிய 'விர்ட்ஐஓ' சாதனங்களுக்குச் சொந்த டிரைவர். அதன் இடைமுகம் எழுதி வெளியிடப்பட்ட தரநிலை, நகராது.
2. அடுத்து லினக்ஸ் சிஸ்டம் கால் அடுக்கு. நிலையான எல்லை என்பதால் போட்ட உழைப்பு வீணாகாது, சோதித்துப் பார்க்க ஆயிரக்கணக்கான நிரல்களும் உடனே கிடைக்கும்.
3. லினக்ஸ் டிரைவர்களை எடுக்கும் அடுக்கு கடைசியில். அதைத் தொடங்குமுன், வருடா வருடம் பதிப்பு உயர்த்தும் வேலைக்கு ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃப்ரீபிஎஸ்டி பயனர்களில் சிலர் இந்த மூன்றாவது படியையே சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 'வைஃபைபாக்ஸ்' என்ற பொதியை நிறுவினால், ஃப்ரீபிஎஸ்டியின் பிஹைவ் மெய்நிகராக்கத்தில் ஒரு சின்ன ஆல்பைன் லினக்ஸ் ஓடும். கணினியின் வைஃபை அட்டை முழுவதையும் அதன் கையில் கொடுத்துவிடுவார்கள். உள்ளே உண்மையான லினக்ஸ் கெர்னல், உண்மையான லினக்ஸ் டிரைவர். அது வைஃபையைப் பிடித்து, மெய்நிகர் வலையமைப்பு வழியாக வெளியே இருக்கும் ஃப்ரீபிஎஸ்டிக்கு இணையத்தைத் தருகிறது. நினைவகத்தில் ஒரு பங்கு அதற்குப் போகும், அட்டையை இப்படி ஒப்படைக்க வன்பொருள் ஆதரவும் வேண்டும். லினக்ஸின் உள் இடைமுகம் எத்தனை முறை மாறினாலும் ஃப்ரீபிஎஸ்டி பக்கம் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை.